யோவான் பதினொன்றும் என் சிவப்பு நீலப் பென்சிலும்

எனக்கு வந்த நோயின் பெயரை நான் இன்னும் தடுமாறாமல் சொல்லிப் பழகவில்லை. டாக்டர்கள் ‘கில்லன் பாரே’ என்பார்கள். ஆஸ்பத்திரிக் காகிதங்களில் ஜி.பி.எஸ். என்று மூன்று எழுத்தில் முடித்துவிடுவார்கள். என் மனைவி சுகந்திக்கு இதெல்லாம் வாயில் நுழையாது. யாராவது கேட்டால், “கால்ல ஆரம்பிச்சு மேல ஏறுற நோவு” என்பாள். அதைவிடச் சரியாக வேறு யாரும் சொல்லி நான் கேட்கவில்லை.

சபையில் சிலர் நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். நான் பத்தாவது வரை படித்தவன். பெயர் எபினேசர். வீடு கள்ளிக்குப்பத்தில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மெஷின் ஷாப்பில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கடைந்து வரும் சாமான்களை அளந்து, இது சரி, இது சரியில்லை என்று பிரித்து வைப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. படுக்கையில் கிடந்தபோது என்னை நோய் பாதி வாட்டியது என்றால், இந்தப் பிரித்து வைக்கும் பழக்கம் மீதியை வாட்டியது.

முதலில் ஒரு வாரம் வயிற்றுப்போக்கு. அது நின்று பத்து நாள் ஆகியிருக்கும். ஒரு வியாழக்கிழமை காலை ஷிப்டுக்குக் கிளம்பி ஷூ போட்டேன். உள்ளே மணல் இருப்பதுபோல் இருந்தது. கழற்றி உதறினேன். மணல் இல்லை. மறுபடி போட்டேன், மறுபடி மணல். வேலையில் மத்தியானம் கையிலிருந்த, அளவு பார்க்கும் கேஜ் நழுவி விழுந்தது. பொறுக்கக் குனிந்தவன் நிமிர முடியவில்லை. முழங்கால் இரண்டும் என்னுடையது இல்லை என்பதுபோல மடங்கிக்கொண்டன.

“இன்னா அண்ணே, காலையிலயே போட்டுகினு வந்துட்டியா?” என்று பக்கத்து மெஷின்காரர் சிரித்தார். நான் குடிப்பவன் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அப்படிச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்தார்கள், உப்பு பார்த்தார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் காலை படுக்கையிலிருந்து என்னால் எழுந்து உட்காரவே முடியவில்லை. நரம்பு டாக்டர் ஒருவர் வந்து சின்ன ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். யாருக்குத் தட்டினாலும் கால் ஒரு துள்ளு துள்ளும். என் கால் கட்டை மாதிரி கிடந்தது. நான்கு இடத்தில் தட்டிவிட்டு, “உடனே பெரிய இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்று சுகந்தியிடம் சொன்னார்.

ஆம்புலன்ஸ் பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே நத்தை மாதிரி ஊர்ந்தது. மல்லாந்து படுத்தபடி தூண் ஒவ்வொன்றாகத் தலைக்குமேல் போவதைப் பார்த்துக்கொண்டே போனேன். சுகந்தி என் காலைப் பிடித்திருந்தாள். பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு சோதனைகள் செய்தார்கள். ஒன்று, கை கால்களில் சின்னச் சின்ன கரண்ட் கொடுத்து நரம்பு எவ்வளவு வேகமாகச் சேதி கொண்டுபோகிறது என்று பார்ப்பது. சுள் சுள் என்று இருக்கும், தாங்கலாம். இன்னொன்று, நம்மை இறால் மாதிரிச் சுருண்டு படுக்கச் சொல்லி, முதுகெலும்புக்கு நடுவே ஊசி விட்டுக் கொஞ்சம் நீர் எடுப்பது. பயந்த அளவு வலி இல்லை. இனி யாருக்காவது எடுக்க வேண்டி வந்தால் பயப்பட வேண்டாம், அசையாமல் இருந்தால் போதும்.

அங்கே டியூட்டியில் இருந்த டாக்டர் நஸ்ரின், பூந்தமல்லிப் பெண். முப்பது வயது இருக்கும். அவர்தான் எங்களுக்குப் புரியும்படி சொன்னார்.

“ஐயா, உங்க வயித்துல ஒரு கிருமி வந்துச்சுல்ல, அதை அடிக்க உடம்பு ஒரு படையைக் கிளப்பிச்சு. கிருமி போயிடுச்சு. படை திரும்பிப் போகல. உங்க நரம்பையே எதிரின்னு நெனச்சு அடிக்குது. நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கும்.”

“ஒயருக்கு மேல இன்சுலேஷன் மாதிரி,” என்றேன்.

“கரெக்ட். அந்த உறை உரிஞ்சு போச்சு. அதான் சேதி போகல. மருந்து இருக்கு. நிறையப் பேர் கொடுத்த ரத்தத்துலருந்து பிரிச்செடுத்தது. அஞ்சு நாள் ஏத்துவோம்.”

“சரியாயிடுமா டாக்டர்?” என்று சுகந்தி கேட்டாள்.

“பெரும்பாலும் ஆயிடும்மா. ஆனா மொதல்ல ஏறும், அப்புறம் நிக்கும், அப்புறம்தான் இறங்கும். எங்க போய் நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. நெஞ்சுக்கு வந்தா மூச்சு நிக்கும். அதுக்கு முன்னாடி நாங்க தொண்டையில குழாய் போட்டு மெஷின்ல வச்சிடுவோம்.”

மெஷின் எங்கள் கண்ணெதிரே மூலையில் துணி போர்த்தி நின்றிருந்தது.

கம்பெனி இன்ஷூரன்ஸ் மருந்துச் செலவைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. மீதிக்கு மகள் பெனிட்டா ஓடி ஆடி ஏற்பாடு செய்தாள். அந்தக் கவலையை என் காதுவரை வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று இப்போதுதான் தெரிகிறது.

நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை எனக்கு ஒரு பரீட்சை. நன்றாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். எங்கே மூச்சு முடிகிறதோ அந்த எண்ணை எழுதிக்கொள்வார்கள். அது குறையக் குறைய நெஞ்சுத் தசை சோர்கிறது என்று அர்த்தம். பத்துக்குக் கீழே போனால் குழாய் என்று டாக்டர் நஸ்ரின் சொல்லியிருந்தார். முதல் நாள் முப்பத்திரண்டு. இரண்டாம் நாள் இருபத்தாறு.

“நம்பரைக் கேக்கவே எனக்குப் புடிக்கலங்க,” என்றாள் சுகந்தி. “சண்டே ஸ்கூல்ல ஒரே மூச்சுல ஆகமம் சொல்ல வெப்பாங்களே, அதைச் சொல்லுங்க. நடுவுல நடுவுல நாம அதைப் போட்டுப் பாத்துக்கலாம்.”

வேதாகமத்தின் புத்தகப் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பது எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டு மாதிரி. ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம் என்று தொடங்கிப் பழைய ஏற்பாடு முடியும் மல்கியா வரை, மூச்சு விடாமல் சொல்பவனுக்குப் பென்சிலோ மிட்டாயோ கிடைக்கும். நல்ல காலத்தில் நான் மல்கியாவைத் தொட்டவன். அன்றைக்குச் சங்கீதத்தோடு நின்றுவிட்டேன்.

உள்ளே வந்த டாக்டர் நஸ்ரின், “என்ன, ரெண்டு பேரும் ஏலம் விடுறீங்களா?” என்றார். சுகந்தி விளக்கினாள். அவர் திட்டுவார் என்று நினைத்தோம். அவரோ, “சங்கீதம் எத்தனாவது?” என்று கேட்டார்.

“பத்தொம்பது.”

“நாளைக்கும் பத்தொம்பதுலயே நிக்கட்டும், பாப்போம்,” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் எஸ்தர். பதினேழு. அதற்கடுத்த நாள் காலை எட்டாவது புத்தகமான ரூத்தோடு மூச்சு தீர்ந்துவிட்டது. எண்ணில் மட்டும் இன்னும் பத்துக்கு மேலேயே இருந்தேன். அதற்குள் முகமும் விழுந்துவிட்டது. கண் மூட முடியாது, உதடு குவியாது. கண் காய்ந்துபோகாமல் இருக்கச் சொட்டுமருந்து விட்டு, இமையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவார்கள். தண்ணீர் ஸ்பூனில் கொடுத்தால் புரையேறியது. அதனால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி. பேச்சு எல்லாம் மூக்கால். என் குரலை நானே அடையாளம் காணவில்லை.

இந்த நிலையில் முனுசாமி பார்க்க வந்தான். இனி முனுசாமியைப் பற்றிச் சொல்வதற்கு முன் என் வேதாகமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் மாதம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். வசனத்தை விளக்கிச் சொல்வது பெரும்பாலும் நான்தான். பல வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், புதிதாக வந்த ஒரு தங்கச்சி கேட்டது: “இயேசு கடவுள்தான்னா, அவருக்கு எப்படி பிரதர் பசிச்சது? கிணத்தடியில ஏன் களைச்சுப்போய் உக்காந்தார்? உலகம் முடியற நாள் எனக்குத் தெரியாதுன்னு ஏன் சொன்னார்?” “அப்புறம் பாத்துச் சொல்றேம்மா” என்று கூட்டத்தை ஜெபத்தோடு முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஷாப்பில் ஒரு பக்கம் நீலமும் மறு பக்கம் சிவப்புமாக இருக்கிற பென்சில் என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்தேன். நான்கு சுவிசேஷங்களையும் முதலிலிருந்து வாசித்து, இயேசு கடவுளாகச் செய்ததற்கு நீலக் கோடு, மனிதனாகச் செய்ததற்குச் சிவப்புக் கோடு போட ஆரம்பித்தேன். படகில் தூங்கினார், சிவப்பு. எழுந்து காற்றை அதட்டினார், நீலம். தாகம் என்றார், சிவப்பு. பாவத்தை மன்னித்தார், நீலம். குஷ்டரோகியைக் கையால் தொட்டதற்குச் சிவப்பு, ‘சுத்தமாகு’ என்றதற்கு நீலம். வார்த்தை மாம்சமாகி நம் நடுவே வாசம்பண்ணியது என்று யோவான் எழுதிய வசனத்தை மட்டும் எப்படிப் பிரிப்பது என்று இரண்டு நாள் யோசித்துப் பாதி நீலம், பாதி சிவப்பாக வெட்டினேன்.

முடிக்க மூன்று வருடம் ஆனது. அதற்கப்புறம் ஜெபக்கூட்டத்தில் யார் என்ன கேட்டாலும் எனக்குப் பயம் இல்லை. “இது மனுஷனா செஞ்சது, இது கடவுளா செஞ்சது” என்று பக்கத்தைத் திருப்பிக் காட்டிவிடுவேன். இளம்பிள்ளைகள் அதை போனில் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே.

அந்த வேதாகமத்தைத்தான் சுகந்தி என் தலைமாட்டில் வைத்திருந்தாள்.

முனுசாமி ஷாப்பில் என்னோடு பதினெட்டு வருடமாக இருக்கிறான். லேத் ஓட்டுபவன். அவன் கடைந்ததை நான் தள்ளுபடி செய்வதும், அவன் என்னைத் திட்டுவதும் தினசரி வேலை. பார்வையாளர் நேரத்தில் ஷேவிங் செட்டோடு வந்து நின்றான்.

“இன்னா நைனா, ராஜா கணக்கா பட்த்துகினு கீறே? தாடிய பாரு, சாமியார் ஆவறியா?”

சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, துண்டைக் கழுத்தில் சுற்றி, நுரை தடவினான். குழாயை ஒதுக்கிப் பிடித்தபடி நிதானமாக மழித்தான்.

“உனுக்கு ஷேவ் பண்றது செம ஈஸி நைனா. மூஞ்சி ஆடவே மாட்டேங்குது.”

சுகந்திக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, முகத்துக்குத்தான் வரவில்லை. வேலை முடிந்து கையைத் துடைத்தவன், தலைமாட்டில் இருந்த வேதாகமத்தைப் புரட்டினான். அவன் அம்மன் கோயிலுக்குப் போகிறவன். அதை அதற்கு முன் திறந்து பார்த்திருக்கமாட்டான். இரண்டு மூன்று பக்கம் புரட்டியவன் முகத்தில் ஒரு குறும்பு வந்தது.

“இன்னா நைனா இது? சாமியையும் வுட்டுவைக்கலியா நீ?”

எனக்குப் புரியவில்லை.

“நம்ம பென்சிலு. நீலம்னா பாஸு, செவப்புன்னா ரிஜெக்டு.” பக்கத்தைச் சுகந்தியிடம் காட்டினான். “பாருக்கா. உங்க சாமி தூங்குனா ரிஜெக்டு. தண்ணி கேட்டா ரிஜெக்டு. இங்க பாரு, அழுதாரு, ரெண்டு தபா கோடு போட்டு ரிஜெக்டு! இவ்ளோ செவப்பு போட்டா லாட்டு மொத்தமும் திரும்பிப் போய்டும்பா.”

“அப்படி இல்லடா, அது வேற…” என்று மூக்கால் ஏதோ சொல்லப் பார்த்தேன். மூச்சு போதவில்லை.

“சரி சரி, பேசாத. வந்து அப்பால சண்ட போடலாம். உன் டேபிள்ல எவனோ புது ஆளு குந்திகினு எல்லாத்தையும் பாஸ் பண்ணிகினு கீறான். சீக்கிரம் வா.”

அவன் போய்விட்டான். அவன் சொன்னது போகவில்லை.

இருபது வருடமாக அந்தப் பென்சிலால் சிவப்புக் கோடு போட்ட சாமான் எதுவும் வண்டியில் ஏறியதில்லை. உபயோகப்படாது என்று ஒதுக்குவதற்குத்தான் என் கை சிவப்பை எடுத்துப் பழகியிருக்கிறது. ரத்தத்தின் நிறம், மனிதனின் நிறம் என்று நினைத்துத்தான் அதைத் தேர்ந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. இயேசு களைத்த இடம், அழுத இடம், தெரியாது என்ற இடம் எல்லாம் எனக்கு ஜெபக்கூட்டத்தில் சங்கடம் தருகிற இடங்கள். அவற்றை ஒதுக்கி வைக்கத்தானே கோடு போட்டேன்?

அன்று சாயங்காலம் எண்ணிக்கை பதிமூன்று. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணச் சொன்னார்கள். பதினொன்று. மூலையில் இருந்த மெஷினைத் துணி எடுத்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். “சும்மா பக்கத்துல இருக்கட்டும்யா, இன்னும் தேவைப்படல,” என்றார் டாக்டர் நஸ்ரின். என் தோளில் கை வைத்துச் சொன்னார். தோளில் மட்டும் உணர்ச்சி இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

நான் ஜெபம் பண்ணப் பார்த்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். யாரிடம் ஜெபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் நானே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். நீலக் கோட்டு இயேசுவுக்கு மூச்சு முட்டியதே இல்லை. காற்றை அதட்டுகிறவருக்கு, காற்று கிடைக்காமல் போனால் எப்படி இருக்கும் என்று என்ன தெரியும்? சிவப்புக் கோட்டு இயேசுவுக்குத் தெரியும், அவர் சிலுவையில் மூச்சுக்குத் தவித்தவர். ஆனால் என் கணக்குப்படி அவரால் என்ன செய்ய முடியும்? அவரும் என்னை மாதிரி கிடந்தவர்தானே. ஒருவருக்குத் தெரியாது, ஒருவரால் முடியாது. நடுவில் நான் பதினொன்றாம் எண்ணில் கிடந்தேன்.

மறுநாள் காலை சுகந்தி வந்தாள். ஐந்து நாளாக வெளியே பெஞ்சில் கிடந்து, யாரும் பார்க்காமல் பாத்ரூமில் அழுது, அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது. வழக்கம்போல என் இமைப் பிளாஸ்திரியை எடுத்து, மருந்து விட்டு, ஈரத்துணியால் முகம் துடைத்தாள். பிறகு வேதாகமத்தைத் திறந்தாள். எங்கே வாசிக்க என்று கேட்கவில்லை. முனுசாமி காட்டிய பக்கத்திலேயே ஆரம்பித்தாள். யோவான் பதினொன்று. லாசரு செத்துப்போன அதிகாரம்.

எத்தனையோ முறை நான் விளக்கிச் சொன்ன அதிகாரம் அது. என் கோடுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்க்காமலே தெரியும். அவர் தன் சிநேகிதனுக்காக அழுத இடத்தில் சிவப்பு. நான்கு நாளாகக் கல்லறைக்குள் கிடந்தவனை, ‘வெளியே வா’ என்று உரத்துக் கூப்பிட்ட இடத்தில் நீலம். சுகந்தி கோட்டைக் கவனிக்காமல், கரகரத்த குரலில் நேராக வாசித்துக்கொண்டே போனாள். கூப்பிட்ட இடம் வந்ததும் அவள் குரல் உடைந்தது. நிறுத்தி, எச்சில் விழுங்கி, மறுபடி வாசித்தாள். பிறகு விரலை அங்கேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“ஏங்க, முனுசாமி சொன்னதை யோசிச்சுகினே கீறீங்களா?”

கண்ணை மட்டும் அசைத்தேன்.

“எனக்கு விளக்கமெல்லாம் தெரியாது. நீங்க சொல்லுவீங்க, நான் டீ போட்டுகினு இருப்பேன். ஆனா ஒண்ணு. இப்போ அழுதாரு, கொஞ்ச நேரத்துல கூப்பிட்டாரு. நடுவுல போய் மூஞ்சி கழுவிகினு வந்தாருன்னு ஒண்ணும் எழுதல.”

அவள் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

“எனக்குத் தெரியும்ல, அழுதுட்டுப் பேசுனா தொண்ட எப்டி இருக்கும்னு. லாசரு காதுல கேட்ட சத்தம், இதோ இப்போ நான் வாசிச்சனே, இந்த மாதிரி கம்முன தொண்டையாத்தான் இருந்திருக்கும். அந்தத் தொண்டைக்கு நீங்க இன்னா கலர் போடுவீங்க?”

சொல்லிவிட்டு, பெரிதாக ஏதோ சொல்லிவிட்டோம் என்ற நினைப்பே இல்லாமல், என் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள்.

அழுத தொண்டைதான் கூப்பிட்டது. அந்தச் சத்தத்துக்குத்தான் கல்லறை திறந்தது. கடவுள் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததுபோலத்தான் இத்தனை நாள் நான் நினைத்திருந்தேன். அழுக்கானது சட்டை, உள்ளே இருப்பவர் அப்படியே இருக்கிறார் என்று. கொலோசெயர் நிருபத்தில், தெய்வத்துவத்தின் நிறைவெல்லாம் அவருக்குள் சரீரமாகவே குடியிருக்கிறது என்று பவுல் எழுதியிருப்பதை நூறு முறை சொல்லியிருக்கிறேன். ‘நிறைவெல்லாம்’ என்பதை அழுத்திச் சொல்வேன். ‘சரீரமாகவே’ என்பதை விழுங்கிவிடுவேன். சரீரம் என்றால் என்ன என்று சரீரம் நின்றுபோன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அது சட்டை இல்லை. சட்டையைக் கழற்றினால் நான் மிச்சம் இருப்பேன். இந்தக் கை, இந்த நாக்கு, இந்த மூச்சு போனால், சுகந்தியைக் கூப்பிட எனக்கு என்ன மிச்சம்?

அன்றைக்கு ஜெபம் பண்ணினேன். வார்த்தை அதிகம் இல்லை. ‘உமக்குத் தெரியும், உம்மால் முடியும்’ என்று மட்டும். இரண்டையும் ஒரே ஆளிடம் சொல்ல முடிந்தது.

எண்ணச் சொன்னார்கள். பதினொன்று. மத்தியானமும் பதினொன்று. சாயங்காலம் பதினொன்று. இதை நான் அற்புதம் என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு மருந்தின் கடைசி பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. யார் யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து எடுத்தது. அதற்கும் சேர்த்துத்தான் ஸ்தோத்திரம் சொன்னேன். பதினொன்று இரண்டு நாள் அசையாமல் நின்றது. மூன்றாம் நாள் பன்னிரண்டு. சுகந்தி நம்பவில்லை. “ஆகமத்துல சொல்லுங்க,” என்றாள். சொன்னேன். யோசுவாவில் முடியும் என்று பயந்தேன். நியாயாதிபதிகளைத் தாண்டி ரூத்தைத் தொட்டேன்.

“ரூத் வந்துட்டாங்களா?” என்று வாசலில் நின்று கேட்டார் டாக்டர் நஸ்ரின். வரிசையை அவரும் மனப்பாடம் செய்திருந்தார். “இனி இறக்கம்தான்யா. நிதானமா ஆகும். ஆனா இறக்கம்தான்.” மெஷினை மறுபடி மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சக்கரம் கிறீச்சிட்டதைவிட இனிமையான சத்தத்தை நான் அண்மையில் கேட்டதில்லை.

அந்த வாரம் எங்கள் சபை ஆயர் வந்தார். வயதில் என்னைவிட இருபது வருடம் இளையவர். என் பென்சில் கதையை அவரிடம் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சிரித்தார்.

“உங்களுக்கு முன்னாடியே பெரிய பெரிய ஆளுங்க இந்தக் கோட்டைப் போட்டுப் பாத்திருக்காங்கண்ணே. ஆதி சபையில இதுக்காகப் பெரிய சண்டையே நடந்திருக்கு. கடைசியில, அவர் முழுக்கக் கடவுள், முழுக்க மனுஷன், ஆனா ரெண்டு பேர் இல்ல, ஒருத்தர்னு சொல்லி முடிச்சாங்க. கலக்கவும் கூடாது, பிரிக்கவும் கூடாது.”

“அப்ப என் மூணு வருஷம் வேஸ்ட்டா ஐயா?”

“எப்படி வேஸ்ட்டு? மூணு வருஷம் ஒவ்வொரு வரியா வாசிச்சிருக்கீங்க. கோடுதான் தப்பு, வாசிச்சது தப்பா?”

அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அன்றிலிருந்து கட்டிலில் படுத்தபடியே சுவிசேஷத்தை மனதுக்குள் கோடில்லாமல் ஓட்டிப் பார்த்தேன். படகில் தூங்கியவரைத்தான் எழுப்புகிறார்கள், எழுந்தவர்தான் அதட்டுகிறார். தூக்கக் கலக்கம் கண்ணில் இருந்திருக்கும். குஷ்டரோகிமேல் பட்ட கைதான் குணமாக்கியது. எத்தனை வருடமாக ஒருவரும் தொடாத தோல் அது. என் தோள்மேல் கை பட்டபோது எனக்கு எப்படி இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். கிணற்றடியில் தாகமாக உட்கார்ந்தவர்தான் ஜீவதண்ணீர் தருகிறேன் என்கிறார். என்னைப் பார்த்தவன் பிதாவைப் பார்த்தான் என்று தம் சீஷன் பிலிப்புவிடம் அவர் சொன்னதை, தாம் செய்த அற்புதங்களை நினைத்துச் சொன்னார் என்றுதான் முன்பு எண்ணியிருந்தேன். இப்போது தோன்றுவது வேறு. அதைச் சொன்னபோது சீஷர்களுடைய கால்களைக் கழுவி முடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கை ஈரம் காய்ந்திருக்குமோ என்னவோ.

காலில் உணர்ச்சி திரும்பியது எரிச்சலாகத்தான். மிளகாய் அரைத்துப் பூசியதுபோல. நான் முனகியதும் சிஸ்டர் ஓடி வந்து, “வலிக்குதா?” என்றார். “வலிக்குது, வலிக்குது” என்று நான் சொன்ன சந்தோஷத்தைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சுகந்தி என் கட்டைவிரலைக் கிள்ளினாள். துணியால் மூடிவிட்டு, “எந்த விரல்?” என்றாள். சரியாகச் சொன்னேன். அடுத்த விரலைக் கிள்ளினாள். சொன்னேன். பெனிட்டா வந்ததும் அவளும் கிள்ளினாள். முனுசாமியும் ஒரு நாள் வந்து, பதினெட்டு வருடக் கடனைத் தீர்ப்பதுபோல அழுத்தமாகவே கிள்ளினான்.

முப்பத்தெட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். வரும்போது சக்கர நாற்காலி. பிறகு வாக்கர். இப்போது ஒரு கைத்தடி. பிசியோதெரபிக்கு ஒரு பையன் வாராவாரம் வருகிறான், நான் திட்டுவதையெல்லாம் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறான். ஷாப்புக்கு இன்னும் போகவில்லை. ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். முதல் வேலையாக, பல வருடங்களுக்கு முன் கேள்வி கேட்ட அந்தத் தங்கச்சியிடம், “அன்னிக்கு நீ கேட்டது சரியான கேள்விம்மா, நான் அப்புறம் கோடு போட்டுச் சொன்னதுதான் குறுக்குவழி,” என்றேன். அது, “எந்தக் கேள்வி பிரதர்?” என்றது. அதற்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சுத்தமாக மறந்துபோயிருந்தது.

போன மாதம் முதல் ஞாயிறு, நோய்க்கு அப்புறம் முதல் முறையாகத் திருவிருந்துக்குப் போனேன். இயேசுவின் சரீரமென்று அப்பமும், ரத்தமென்று பாத்திரத்தில் திராட்சரசமும் தருவார்கள். எல்லோரும் முன்னால் போய் முழங்காலிட்டு வாங்குவார்கள். என்னால் முழங்காலிட முடியாது. ஆயர் அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கே இறங்கி வந்தார். அப்பத்தை உள்ளங்கையில் வைத்தார். அது இருப்பது கைக்குத் தெரிந்தது. அதன் ஓரம் சொரசொரப்பாக இருந்தது.

பாத்திரம் வந்தபோதுதான் சங்கடம். என் முகத்தில் இடது பக்கம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. உதடு சேராது. வாயில் வைத்ததும் பாதி உள்ளே போனது, பாதி ஓரமாக வழிந்து தாடைக்கு வந்தது. சபை முழுக்கப் பார்க்கிறதே என்று எனக்குக் கூசியது. வாயை மூடிக்கொண்டு அவசரமாக விழுங்கப் போனேன். ஆயர் அடுத்தவரிடம் போகவில்லை. பாத்திரத்தைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். சுகந்தி முந்தானையை எடுத்து என் தாடையை ஒற்றினாள். காதோரம் சொன்னாள்:

“அவசரம் இன்னாங்க? அவர் ஒண்ணும் போய்ட மாட்டாரு. நிதானமா மூச்சு வாங்கிகினு முழுங்குங்க.”

நன்றாக மூச்சை இழுத்தேன். அடிவயிறு வரை போனது. முழுங்கினேன்.